கல் வரிசைக்கு உள்ளே சொன்ன பெயர்

தாவீது,

எப்போதும் 'கண்ணு' என்றுதான் எழுதத் தொடங்குவேன். இந்தத் தடவை உன் பேரைப் போட்டுத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். புளியஞ்சோலைப் பாதையில் மிளகு சுமந்து இறங்கிய ஆட்கள் திரும்பி வரும்போது உன் கடிதத்தைக் கொண்டுவந்தார்கள். பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். படித்துக் காட்டினேன். முடித்ததும் "இன்னொருக்கா படி" என்றார். துறையூர்ப் பக்கத்துச் சபைக்கு நீ உபதேசியாராகப் போகிறாய் என்ற இடம் வரும்போதெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கும் பெருமை தாங்கவில்லை, மறைப்பானேன்? மலைமேல் வளப்பூர் நாட்டில் சாமைக் காட்டு ஓரமாகத் தவழ்ந்த பிள்ளை, கீழ்நாட்டுக்காரர்கள் முன்னால் நின்று வேதம் சொல்லப் போகிறது. காலையிலிருந்து நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. தெரியாதவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை.

ஆனால் கடிதத்தின் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சபை மூப்பர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வேண்டும், வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது, வேதம் வாசிக்கக் கூடாது. உபதேசியார் மனைவிக்கும் அதே சட்டம். சரி என்று தலையாட்டினால் வருகிற ஞாயிறு உன்னைப் பொறுப்பில் வைப்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். நீ எஸ்தரைக் கேட்டிருக்கிறாய். அவளோ, எதற்கு வம்பு, பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றிருக்கிறாள். விடுதியில் அத்தனை பெண்களுக்கும் முன்னால் நின்று ஜெபம் நடத்தியவள், ஆசிரியைப் பயிற்சி முடித்தவள், தட்டிக்குப் பின்னால் ஒடுங்கப் போகிறாளா? படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த களி அடிப்பிடித்துவிட்டது. உன் அப்பா அதையே சாப்பிட்டார். "என்ன செய்யட்டும்மா?" என்று நீ கேட்டிருக்கிறாய். சண்டைக் காலம், மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

நம் ஊர்க் கோயிலை உனக்குத் தெரியும். நீ விவரம் தெரிந்து பார்த்தபோது ஆணும் பெண்ணும் ஒரே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அப்படி இல்லை. நம் மூப்பர் ஆபிரகாம், ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன் ஊர்ச் சாமிக்குப் பூசை வைத்தவர். அந்தப் பூசையில் சாமியைச் சுற்றி ஒரு கல் வரிசை இருக்கும். அதற்கு உள்ளே ஆண்கள், வெளியே பெண்கள். வேண்டுதலை வாய்விட்டுச் சொல்வது ஆண்கள் மட்டுந்தான். மூப்பர் பழைய சாமியை விட்டாரே தவிர, கல்லை விடவில்லை. புது ஜெபவீட்டிலும் வாசலை ஒட்டி அதே மாதிரி ஒரு கல் வரிசை வைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கும்பிடுகிற இடம் என்றால் கல் இருக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். சுவருக்கு மண் மிதித்ததும், கூரைக்குப் புல் சுமந்ததும், தரையை மெழுகியதும் பெண்கள். உலையில் போடும்போது தினமும் ஒரு பிடி சாமை எடுத்து வைத்துக் காணிக்கை சேர்த்ததும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாமையைக் கல் வரைக்கும் கொண்டுவருவோம். அங்கே ஓர் ஆண் கை நீட்டி வாங்கிக்கொண்டுபோய் உள்ளே வைப்பார். வேடிக்கை என்னவென்றால், மிஷன் பங்களாவிலிருந்து வெள்ளைக்காரத் துரைசானியம்மா குதிரையேறி வந்து பிரசங்கம் செய்த நாளில், மூப்பர் கைகட்டி நின்று கேட்டார். அவர் கணக்கில் துரைசானி பெண்ணே இல்லை.

முதலில் இருந்த உபதேசியார் மலைக் காய்ச்சலில் போய்விட்டார். அடுத்து வர யாரும் துணியவில்லை. ஊரில் எழுத்துத் தெரிந்தது என் ஒருத்திக்கு மட்டுந்தான். அம்மா செத்தபின் பங்களாவில் வளர்ந்து படித்தவள் நான். பெண் வாசித்தால் கல் வரிசை என்னாவது என்று மூப்பருக்குக் கவலை, வாசிக்காவிட்டால் ஞாயிறு என்னாவது என்று இன்னொரு கவலை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். உன் அப்பா உள்ளே, கல் ஓரமாக, புத்தகத்தை முதுகுப்பக்கம் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கல்லுக்கு வெளியே அவர் பின்னால் உட்கார்ந்து, வரி வரியாக மெல்லப் படிப்பேன். அதை அவர் சபைக்கு உரக்கச் சொல்வார். கண் என்னுடையது, தொண்டை அவருடையது. சபைக்குத் திருப்தி. உன் அப்பாவுக்கு நல்ல கணீர் குரல், அதைக் கேட்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். எழுத்துத் தெரியாத யாக்கோபு என்னமாய் வாசிக்கிறான் என்று அவர்கள் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நான் வீட்டுக்கு வந்து சிரிப்பேன்.

ஒரே ஒரு தொந்தரவு. உன் அப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் யாக்கோபு. அப்போதெல்லாம் புருசன் பேரை நாங்கள் சொல்லமாட்டோம், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். பங்களாவில் மருந்து வாங்கப் போனால்கூடப் புருசன் பேரைப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்லவேண்டும், அவள் புருசன் பேரை நாம் சொல்லவேண்டும். வேதத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பேர். தனியாகப் படித்துப் பார்க்கும்போது 'யாக்கோபின் தேவன்' என்ற இடத்தில் 'எங்கூட்டுக்காரரோட தேவன்' என்று படித்துக்கொள்வேன். கோயிலில் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் பேர் வரும் இடத்தில் அவர் போர்வை நுனியை இழுப்பேன். அவர் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்வார். ஒரு ஞாயிறு ஆதியாகமத்தில் அவர் பேர்க்காரரின் கதையையே எடுத்துவிட்டேன். இழுத்த இழுப்பில் போர்வை கழன்று என் மடியில் விழுந்துவிட்டது. குளிரில் நடுங்கிக்கொண்டே அதிகாரத்தை முடித்தார். இதை நான் எழுதுகிறேன் என்று தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார், பார்.

அந்த வருச மார்கழியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நீ அப்போது கைக்குழந்தை. வீட்டில் குளிர்க்காய்ச்சல் வந்தால் எல்லாரும் பயப்படுவார்கள், உபதேசியாரைக் கொண்டுபோனதும் அதுதானே. கண் திறக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. ஞாயிறு விடிந்ததும் திடமான ஆட்கள் எல்லாரும் பங்களாவுக்குக் கொயினா என்கிற காய்ச்சல் மருந்து வாங்க ஓடினார்கள். அவர்கள் போய்த் திரும்பச் சாயங்காலம் ஆகும். மூப்பர் மணியடித்தார். நம் வீட்டுக்கும் ஜெபவீட்டுக்கும் இடையில் ஒரு மண் சுவர்தானே, அவரை என் நாத்தியிடம் விட்டுவிட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கல்லுக்கு வெளியே நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே மூப்பர் தனியாக நின்றார். அவரைச் சுற்றி வெற்றுத் தரை.

மூப்பர் ஜெபிக்கத் தொடங்கினார். ஆண்டவரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். "ஆண்டவரே, இந்த மகனை உங்க கையில ஒப்படைக்கறோமுங்க. வாழ்ந்த காலத்துக்கு ஸ்தோத்திரமுங்க. பின்னால இருக்கற பொண்டாட்டி புள்ளைக்கு ஆறுதல் குடுங்க" என்றார். அது சாகிறவனுக்குச் சொல்லும் ஜெபம். உபதேசியாருக்குச் சொன்ன அதே ஜெபம். மூப்பர் கெட்டவர் இல்லை, கண்ணு. அவர் பார்த்த காய்ச்சல் எல்லாம் அப்படித்தான் முடிந்திருந்தது. ஆனால் என் புருசன் சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உன்னைப் பக்கத்தில் இருந்த சாராள் அக்கா மடியில் போட்டுவிட்டு எழுந்தேன். கல்லைத் தாண்டினேன். தாண்டிய பிறகுதான் தாண்டினேன் என்றே தெரிந்தது.

"நிறுத்துங்க மாமா. அவரு இன்னும் சாகலீங்க" என்றேன்.

மூப்பர் கண்ணைத் திறந்தார். "ஏ புள்ள, எங்க வந்து நிக்கற?" என்றார்.

"கேக்கத்தானுங்க வந்திருக்கறேன். நீங்க அனுப்பி வைக்கறீங்க, நான் இருக்க வையுங்கன்னு கேக்கப்போறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மற்றவருக்காக அத்தனை ஞாயிறு படித்தவள், எனக்காக வாய் திறந்ததில்லை. "ஆண்டவரே, எங்கூட்டுக்காரரு..." என்றேன். நின்றுவிட்டது. மறுபடியும் அதையே சொன்னேன், மறுபடியும் நின்றுவிட்டது. நாக்கு நுனியில் அந்தப் பேர் இருக்கிறது. சொன்னால் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது காதில் இருக்கிறது. குறைவதற்கு அவரிடம் ஆயுசு எங்கே மிச்சம் இருக்கிறது என்று நினைத்தபோது அழுகை முட்டியது. பின்னாலிருந்து சாராள் அக்கா, "நான் சொல்லட்டுமா புள்ள? எனக்குத் தம்பி மொறைதான்" என்றாள். பாவம், விதவை, நல்ல மனசு. மருந்து வாங்கப் போனால் அவள்தான் எப்போதும் எனக்காகச் சொல்வாள்.

"வேண்டாங்க்கா. கேக்கறது நானு. நானே சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். "ஆண்டவரே, யாக்கோபைப் பொழைக்க வையுங்க. யாக்கோபு எனக்கு வேணுமுங்க. யாக்கோபு இந்தப் புள்ள நடக்கறதைப் பாக்கோணுமுங்க." மெல்லச் சொல்லவில்லை. அத்தனை நாள் அவர் முதுகுக்குப் பின்னால் மெல்லப் பேசிய குரல் முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. போர்வையை இழுத்த இடங்களுக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கே சொல்லித் தீர்த்துவிட்டேன் போலிருக்கிறது. முடித்தபோது நீ ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தாய்.

பிறகு சாராள் அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆண்டவரே, என்ர புருசன் பேரு மத்தேயுங்க. அவரு போயி நாளாச்சு. இருந்தப்ப ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்புடலீங்க. இப்பச் சொல்றேன், மத்தேயு" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அவள் புருசன் மருந்துக்குப் போனவர்களில் ஒருவன், காட்டு வழியில் அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பேர் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவளும் உண்டு, தேம்பி அழுதவளும் உண்டு. அந்தப் பேர்களை எல்லாம் நாங்கள் நெஞ்சிலேயே எத்தனை காலம் வைத்திருந்தோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூப்பர் மூலையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார், திட்டவும் இல்லை, ஆமென் சொல்லவும் இல்லை.

கடைசியாக எழுந்தது யார் தெரியுமா? மூப்பரின் மனைவி. வாழ்நாள் முழுக்க அவர் இருக்கும் இடத்தில் நிமிர்ந்து பேசாத கிழவி. கல்லுக்கு முன்னால் வந்து நின்று, சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஆண்டவரே, ஆபிரகாமுக்கு முட்டி வலிங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டாரு. பாறை ஏறயில பல்லைக் கடிச்சுக்கறாரு. அதைக் கொஞ்சம் பாருங்க. அவரு கோவத்தையும் கொஞ்சம் கொறைச்சு வையுங்க." மூப்பர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். தன் பேரை அவள் வாயால் அவர் அதுவரை கேட்டதில்லை. அப்புறம் இந்த மலையே கேட்கிற மாதிரி "ஆமென்" என்றார்.

சாயங்காலம் மருந்து வந்தது. அடுத்த நாள் உன் அப்பா கண் திறந்து கஞ்சி கேட்டார். மருந்தா, ஜெபமா என்று என்னைக் கேட்காதே, இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்கினோம். தெம்பு வந்ததும் அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "யாரோ என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப்பல இருந்துச்சு புள்ள. உன்ர கொரலாட்டமே இருந்துச்சு. நீ எங்க சொல்லப்போறன்னு நெனைச்சுப் படுத்துக்கிட்டேன்." நானே சொன்னேன் என்றதும் வெட்கப்பட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு வெட்கத்தைக் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

அவர் எழுந்து நடமாடி வந்த முதல் ஞாயிறு, வழக்கம்போல் புத்தகத்தோடு கல் ஓரம் போய் நின்றார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சபையைப் பார்த்து நின்றவர், திரும்பிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "நீயே உள்ள வந்து படி. இனிமே என்ர போர்வைய இழுக்காத" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் நின்று படிக்கத் தொடங்கியதும் நீ அழ ஆரம்பித்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் பலா மரத்தடியில் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தது உன் அப்பா. அந்தக் கணீர் குரல் வீணாகவில்லை. அன்று முதல் பாட்டுக்கு அவர்தான் முதல் வரி எடுக்கிறார், சபை பின்பாடுகிறது. கல் என்னாயிற்று என்றால், அறுப்புப் பண்டிகைக்கு அடுப்புக் கூட்டக் கல் தேடியபோது மூப்பரே காலால் தள்ளி, "இதுகளை எடுத்துக்கங்க" என்றார். அன்றைக்கு அந்தக் கல்லில் வைத்துத்தான் எல்லார் வீட்டுப் பிடி சாமையையும் சேர்த்துப் பொங்கினோம்.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைக்காதே. சில வீடுகள் வருவதை நிறுத்தின. சிலர் பிறகு வந்தார்கள், சிலர் வரவேயில்லை. கீழ்நாட்டுப் பாதிரி ஐயர் ஒருவர் விசாரிக்க வந்தார். மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, பெண் வாசிப்பது சபை ஒழுங்குக்கு அடுக்காது என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூப்பர் எழுந்துவிட்டார். "ஐயரே, எங்க மலையில காய்ச்சல் ஆம்பளை பொம்பளைன்னு பாக்கறதில்லீங்க. ஜெபமும் அப்படித்தானுங்க. நீங்க வாராவாரம் ஏறி வந்து படிக்கறீங்கன்னா சந்தோசமுங்க. வராத வாரம் இந்தப் புள்ள படிக்கும்" என்றார். ஐயர் வந்த பாதையை ஒரு முறை பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். மதியம் எங்களோடு களி சாப்பிட்டு, போகும்போது எனக்காக ஒரு ஜெபமும் செய்துவிட்டு இறங்கினார். இதோ, நீ பெரியவனாகி, படித்து, உபதேசியாராகவும் போகிறாய். நான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் காரியம். அந்த மூப்பர்களோடு வசனத்துக்கு வசனம் மல்லுக்கு நிற்காதே. அவர்களிடமும் வசனம் இருக்கும், பொழுதும் இருக்கும். நேராகச் சொல்: "நான் பொறுப்பேற்கும் நாளில் என் மனைவி சபை நடுவே நின்று, என் பேர் சொல்லி எனக்காக ஜெபிப்பாள். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்." கேட்கவே மாட்டோம் என்றால் மலையேறி வந்துவிடு, இங்கே காடும் இருக்கிறது, சபையும் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊரிலும் ஏதோ ஒரு மூப்பருக்கு முட்டி வலி இருக்காமலா போகும்?

அதற்கு முன் உன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. கல்யாணமாகி எஸ்தர் இங்கே வந்திருந்தபோது நான் கவனித்தேன். "உங்க மகன் வந்தாச்சுங்களா", "உங்க மகன் சாப்பிட்டாச்சுங்களா" என்றுதான் கேட்டாளே தவிர, ஒரு தடவைகூட உன் பேரைச் சொல்லவில்லை. அத்தனை படிப்புப் படித்தும் அந்தப் பயம் போகவில்லை. நீயும் அது உனக்குக் கொடுக்கும் மரியாதை என்று கேட்டு மகிழ்ந்துகொண்டிருக்கிறாய். தட்டி அந்தக் கோயிலில் மட்டும் இல்லை கண்ணு, உன் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. வம்பு வேண்டாம் என்று அவள் சொன்னது வம்புக்குப் பயந்து அல்ல. அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று நீ சொல்கிறாயா என்று பார்க்கிறாள். நீ சொல்லவில்லை, என்னைக் கேட்டு எழுதிவிட்டாய்.

உன் அப்பா எட்டிப் பார்த்து, "அடியில என்ன எழுதப்போற?" என்கிறார். யாக்கோபின் மனைவி என்று எழுதப்போகிறேன் என்றேன். "எங்க, இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு பலாக்கொட்டை உரிக்கப் போய்விட்டார்.

இந்தக் கடிதத்தை நீ படித்தது போதும். எஸ்தர் கையில் கொடு. மேலே முதல் வார்த்தையிலிருந்து அவள் வாய்விட்டுப் படிக்கட்டும், உன் பேரைப் போட்டுத் தொடங்கியது அதற்குத்தான். நீ எதிரே உட்கார்ந்து கேள்.

அம்மா,
யாக்கோபின் மனைவி